பொதி எங்கிருந்து வந்தது? லினக்ஸ் களஞ்சியங்களின் கதை



எந்தப் பாடசாலையிலும் ஒரு பொருட்பதிவேடு இருக்கும். கதிரை, மேசை, அலுமாரி, கணினி என்று ஒவ்வொன்றும் அதில் ஏறும். வருட இறுதிக் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. எங்கிருந்து கிடைத்தது என்ற நிரலையும் பார்ப்பார்கள். வலயக் கல்வி அலுவலகம் தந்ததா, பழைய மாணவர் சங்கம் வாங்கித் தந்ததா, யாராவது தனவந்தர் அன்பளிப்புச் செய்ததா? அந்த நிரல் வெறுமையாக இருந்தால் அதிபர் பதில் சொல்ல வேண்டி வரும்.

எமது கணினி அறையில் உபுண்டு லினக்ஸ் ஓடும் கணினிகளுக்குள்ளும் இப்படியொரு பதிவேடு உண்டு. அதில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மென்பொருட் பொதிகள் பதியப்பட்டிருக்கின்றன. பொதியின் பெயர், பதிப்பு இலக்கம், அதைப் பராமரிப்பவர் யார், அது வேலை செய்ய வேறு எந்தப் பொதிகள் வேண்டும், எல்லாம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற நிரல் மட்டும் இல்லை. அதனால்தான் லினக்ஸ் பாவிப்பவர்கள் அந்த நிரலைத் தாங்களே நிரப்பிக்கொள்வதற்குச் சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடுவது பற்றி நாம் எழுதியபோது, "இந்த இலவச சாமான்களை யார் தருகிறார்கள், நம்பலாமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த இல்லாத நிரலின் கதைக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

1991 ஓகஸ்ட் 25 அன்று, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதி வருவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அவர் எழுதியது கருவை மட்டும்தான். கரு தனியாக நின்று ஒருவருக்கும் உதவாது. கோப்புகளைப் பார்க்க, கடிதம் எழுத, வலையமைப்பில் சேர எல்லாவற்றுக்கும் வேறு வேறு மென்பொருட்கள் வேண்டும். அவற்றையெல்லாம் திரட்டி ஒரே கட்டாகக் கொடுக்கும் வேலையை 1992 இல் சிலர் தொடங்கினார்கள். அப்படி வந்தவற்றில் பிரபலமானது எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு. நெகிழ்வட்டுகளாக வரும். இன்றைய பிள்ளைகள் நெகிழ்வட்டைச் சேமிப்புப் பொத்தானின் படமாக மட்டுமே கண்டிருக்கிறார்கள். ஒன்றில் ஒன்றரை மெகாபைட் கூடக் கொள்ளாது.

எஸ்எல்எஸ்ஸில் பிழைகள் மலிந்திருந்தன. அந்தச் சலிப்பிலிருந்து ஒரு மாதத்துக்குள் இரண்டு முயற்சிகள் பிறந்தன. 1993 ஜூலையில் பற்றிக் வோல்கர்டிங் என்பவர் அதைத் திருத்தி ஸ்லக்வெயார் என்று வெளியிட்டார். ஓகஸ்ட் 16 இல், அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மேர்டொக் புதிதாக டெபியன் என்ற தொகுப்பை அறிவித்தார். தன் துணைவியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. இன்று உபுண்டு பாவிக்கும் எல்லோரும் அந்த டெபியனின் வீட்டுக் கிளையில்தான் இருக்கிறோம்.

அந்த நெகிழ்வட்டுக் காலத்தில் பொதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. வட்டின் மேல் ஒட்டியிருக்கும் துண்டிலேயே எழுதியிருக்கும். ஸ்லக்வெயார் நிறுவிய ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை உருவாக்கி வைக்கும். அதில் பொதி இருந்த இடம் என்றே ஒரு வரி உண்டு. அதாவது, நாம் இப்போது தேடும் நிரல் மிகப் பழைய தொகுப்பு ஒன்றில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. பிறகு வந்தவை பலவிதத்தில் முன்னேறின. அந்த முன்னேற்றத்தில் இந்த வரி எங்கோ விழுந்துபோனது.

டெபியனின் தனிச்சிறப்பு அதன் பொதி முகாமை. டிபிகேஜி என்று பெயர். 1994 தொடக்கத்தில் இயன் மேர்டொக் அதை முதலில் எழுதியது ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகத்தான்! பிறகு பேர்ல் மொழிக்கு மாற்றினார்கள். அதே வருடத்தில் இயன் ஜக்சன் என்பவர் முக்கிய பகுதியை சி மொழியில் திரும்ப எழுதினார். இரண்டு இயன்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: விசைப்பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, ஒரே தடவையில் ஓடவிடுவது. இது லினக்ஸை விட மிகப் பழைய பழக்கம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் உருவானபோது, டக்ளஸ் மெக்கில்றோய் என்பவர் ஒரு நிரலின் வெளியீட்டை நேராக அடுத்த நிரலுக்குள் குழாய் போட்டு அனுப்ப வழி வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1973 இல் கென் தொம்சன் அதைச் செய்து கொடுத்தார். ஒன்று பட்டியல் எடுக்கும், அடுத்தது வரிசைப்படுத்தும், அதற்கடுத்தது எண்ணும். எந்த ஒன்றும் தனியாகப் பெரிய வேலை செய்வதில்லை. மீனைப் பிடிப்பவர், ஐஸ் போடுபவர், லொறியில் ஏற்றுபவர் என்று எமது கரையோரத்தில் நடப்பதைப் போலத்தான். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் குழாய் மாறவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

டிபிகேஜி நல்ல களஞ்சியக் காப்பாளர். கொண்டு வந்து கொடுக்கும் பொதியைப் பிரித்து, கோப்புகளை உரிய இடங்களில் வைத்து, பதிவேட்டில் எழுதும். அகற்றச் சொன்னால் சுத்தமாக அகற்றும். ஆனால் அவர் வாசலில்தான் நிற்கிறார். பொதி நெகிழ்வட்டில் வந்ததா, இணையத்தில் வந்ததா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பென் டிரைவில் வந்ததா என்று அவர் கேட்பதில்லை. கையில் கொடுத்த கோப்பு மட்டுமே அவருக்குத் தெரியும்.

1995 இல் ரெட் ஹெட் நிறுவனமும் ஆர்பிஎம் என்ற தன் முகாமையைக் கொண்டு வந்தது. இரண்டிலும் ஒரே தலைவலி. ஒரு பொதியை நிறுவப் போனால், இன்னொன்று இல்லை என்று மறுக்கும். அதைத் தேடி எடுத்து வந்தால் அது மூன்றாவது ஒன்றைக் கேட்கும். பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போய், அதற்கு முதல் வேறு கடிதம் கொண்டு வரச் சொல்லி அலைய விடப்பட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இந்த அலைச்சலைத் தீர்க்க டெபியன்காரர்கள் 1997 இல் தொடங்கிய முயற்சிதான் அப்ட். முதலில் அதற்கு வேறு பெயர் இருந்தது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 உடன் அது எல்லோருக்கும் கிடைத்தது. இங்கேதான் களஞ்சியம் என்ற எண்ணம் முழுமையாகிறது. இணையத்தில் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான பொதிகளை ஒழுங்காக அடுக்கி, அவற்றுக்கு ஒரு சுட்டியும் எழுதி வைத்துவிடுவது. உங்கள் கணினியில் எந்தெந்தக் களஞ்சியங்களிடம் கேட்கலாம் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். நீங்கள் ஒரு பொதியைக் கேட்டால், அப்ட் சுட்டிகளைப் புரட்டி, அது எங்கே இருக்கிறது, அதற்குத் துணையாக என்னென்ன வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து டிபிகேஜியின் வாசலில் இறக்கும்.

எமது பார்வையில் கதையின் முடிச்சு இதுதான். லொறி ஓட்டுநருக்கு எங்கே ஏற்றினார் என்று தெரியும். ஆனால் அவர் இறக்கிவிட்டுப் போய்விடுவார். காப்பாளர் பதிவேடு வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு எங்கே ஏற்றியது என்று தெரியாது. இருவரும் தத்தம் வேலையைத் திறமாகச் செய்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு தகவல் காணாமற் போகிறது. அப்ட் ஒரு நாட்குறிப்பு எழுதத்தான் செய்கிறது. அன்றன்று எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்று அதில் இருக்கும். எந்தக் களஞ்சியம் என்று அதிலும் இருக்காது.

தொடக்கத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. டெபியன் என்ற ஒரே வீட்டிலிருந்து எல்லாம் வரும்போது, எங்கிருந்து என்று கேட்பானேன்? ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே அறைகள் பிரிந்தன. 1997 இல் டெபியன் சமூகம் ஓர் ஒப்பந்தத்தை வெளியிட்டு, எது சுதந்திர மென்பொருள் என்பதற்கு வரையறை எழுதியது. அந்த வரையறைக்குள் வருபவை பிரதான பகுதியில். வராதவை தனிப் பகுதியில். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் தலைவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் கண்டிப்பானவர். அவரை உங்கள் கணினிக்குள் குடியிருத்துவது போல, 'மெய்நிகர் ஸ்டால்மன்' என்று பொருள்படும் பெயரில் டெபியனில் ஒரு சிறு நிரல் இருந்தது. அதை ஓடவிட்டால், சுதந்திரமற்ற பகுதியிலிருந்து வந்த எந்தெந்தப் பொதிகளை வைத்திருக்கிறீர்கள் என்று பெயர் பெயராகச் சொல்லும். அந்தப் பகுதியின் பெயர் பொதிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் அது சாத்தியமானது.

பிறகு 2004 ஒக்டோபரில் உபுண்டு வந்தது. யார் கேட்டாலும் தபாலில் இலவசமாக இறுவட்டு அனுப்பினார்கள். 2011 இல்தான் நிறுத்தினார்கள். எமது வயதொத்தவர்களில் சிலர் அந்த உறையைக் கூட வீசாமல் வைத்திருக்கிறார்கள். உபுண்டு தன் களஞ்சியத்தை நான்காகப் பிரித்தது. அதில் மெயின் என்பது உபுண்டுவின் நிறுவனமே பராமரிப்பது. யுனிவேர்ஸ் என்பது பெரும்பாலும் தன்னார்வலர்கள் பராமரிப்பது. பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு விரைவில் வரும் என்பதே இந்தப் பிரிவைப் பொறுத்திருக்கிறது. 2007 இல் தனிநபர் களஞ்சியம் என்ற வசதியும் வந்தது. யார் வேண்டுமானாலும் தன் பெயரில் ஒரு களஞ்சியம் திறக்கலாம். ஒரே வரியைத் தட்டி எவரும் அதைத் தம் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வீடாக இருந்தது ஒரு சந்தையாகிவிட்டது. சந்தை நல்லதுதான், ஆனால் சந்தையில் யாரிடம் வாங்கினோம் என்று நினைவிருக்க வேண்டும்.

இதற்கிடையில் 2003 நவம்பரில் டெபியனின் சேவையகங்கள் சிலவற்றுக்குள் ஊடுருவிவிட்டார்கள். பங்களிப்பாளர் ஒருவரின் திருடப்பட்ட கடவுச்சொல்தான் வாசல். பொதிக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை என்று சரிபார்த்து அறிவித்தார்கள். என்றாலும் கேள்வி எல்லோருடைய தலைக்குள்ளும் புகுந்துவிட்டது. களஞ்சியத்தின் சுட்டியில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று அப்ட் தானாகவே சரிபார்க்கும் வழக்கம், 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 இலிருந்து நிலைத்தது. வந்து சேரும் பொதியை மாற்றிவைக்க முடியாதபடி முத்திரை வந்தது. ஆனால் முத்திரையைப் பார்த்து உள்ளே எடுத்த பிறகு, யாருடைய முத்திரை என்று பதிவேட்டில் எழுதும் பழக்கம் அப்போதும் வரவில்லை.

மற்றைய குடும்பம் இதில் முந்திக்கொண்டது. ஆர்பிஎம் உலகில் அப்டின் வேலையைச் செய்ய, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சேத் விடால், மைக்கல் ஸ்டெனர் இருவரும் யம் என்ற கருவியை உருவாக்கினார்கள். துறையின் கணினிகளைப் பராமரிப்பதே அவர்களுடைய தேவை. பெரிய கம்பனி ஒன்றின் திட்டமில்லை அது. ஆர்பிஎம்மின் பதிவேட்டிலும் பிறப்பிட நிரல் இல்லை. யம் என்ன செய்ததென்றால், ஒரு கட்டத்தில் தனக்கென்று ஒரு பக்கப் பதிவேடு வைக்கத் தொடங்கியது. லொறி ஓட்டுநரே கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டது போல! அதன் பிறகு நிறுவப்பட்ட பொதிகளைப் பட்டியலிட்டால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மின்னஞ்சலில் வரும் அந்தச் சுழியும் களஞ்சியத்தின் பெயரும் வரும். 2015 இல் பெடோரா 22 யம்மை விட்டு டிஎன்எப் என்ற வாரிசுக்கு மாறியபோதும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. சேத் விடால் அதைக் காண இருக்கவில்லை. 2013 ஜூலை 8 அன்று, தன் ஊரில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது வாகனம் மோதிக் காலமானார். டெபியனின் இயன் மேர்டொக்கும் 2015 டிசம்பரில், 42 வயதில் போய்ச் சேர்ந்தார். கோடிக்கணக்கான கணினிகளில் தினமும் ஓடும் வேலையைச் செய்த இருவரின் பெயரும் எந்தப் பாடநூலிலும் எமது கண்ணில் பட்டதில்லை.

சரி, டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த நிரலை எப்படி நிரப்புவது? நாம் எமது கணினி அறைக்கு வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் பத்து வரிக்குள் முடிகிறது. முதலில் காப்பாளரான டிபிகேஜியிடம் நிறுவப்பட்ட எல்லாப் பொதிகளின் பெயரையும் கேட்கிறது. அந்தப் பெயர்களைக் குழாய் வழியாக அப்டிடம் அனுப்பி, ஒவ்வொன்றும் எந்தெந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது என்று கேட்கிறது. அப்ட் தரும் பதிலில், தற்போது நிறுவியிருக்கும் பதிப்பின் முன்னால் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அதற்குக் கீழேயுள்ள வரிகள்தான் முகவரிகள். அந்த முகவரிகளைப் பிடித்து, களஞ்சியவாரியாக அடுக்கி எண்ணினால் முடிந்தது. எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: ஆயிரத்து ஐந்நூறு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டால் பழைய கணினியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். எல்லாப் பெயர்களையும் ஒரே தடவையில் கொடுத்துக் கேட்டால் சில விநாடிகள்தான்.

நட்சத்திரத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் வந்து, அது இணைய முகவரியாக இல்லாமல் டிபிகேஜியின் சொந்தப் பதிவேட்டையே காட்டினால் கவனியுங்கள். இந்தப் பொதி எனக்குள் இருக்கிறது, ஆனால் நான் அறிந்த எந்தக் களஞ்சியத்திலும் இந்தப் பதிப்பு இல்லை என்று கணினி சொல்கிறது. எமது கணினிகளில் அப்படிச் சில வந்தன. ஒன்று அச்சுப்பொறிக்காகப் பென் டிரைவில் கொண்டு வந்து போட்டது, அது தெரிந்ததுதான். இன்னொன்றை யார் போட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அகற்றிவிட்டோம், எந்த வேலையும் தடைப்படவில்லை.

இந்த ஸ்கிரிப்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது நினைவிலிருந்து சொல்வதில்லை, அனுமானித்துச் சொல்கிறது. இன்றைக்கு இந்தப் பதிப்பு எங்கே கிடைக்கிறது என்பதற்குத்தான் அதனால் பதில் தர முடியும்; அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு முடியாது. ஒரு தனிநபர் களஞ்சியத்தைச் சேர்த்து, பொதியை நிறுவி, பிறகு களஞ்சியத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், அந்தப் பொதியும் அநாதையாகத்தான் தெரியும். பழைய பொதியொன்றைக் களஞ்சியமே கைவிட்டுவிட்டாலும் அப்படித்தான்.

லினக்ஸ் எனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் உங்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். அண்ட்ரொயிட்டின் அடியிலிருப்பதும் லினக்ஸ் கருதான். செட்டிங்ஸில் ஏதாவது ஒரு செயலியின் விபரத்தைத் திறந்து அடிவரைக்கும் போனால், அது பிளே ஸ்டோரிலிருந்து நிறுவப்பட்டதா என்று பெரும்பாலான தொலைபேசிகளில் ஒரு வரி இருக்கும். வட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய கோப்பைத் தட்டி நிறுவிய செயலியில் அந்த வரி வேறு விதமாக இருக்கும், அல்லது இருக்காது.

இதெல்லாம் வீண் கவலையா என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச் 29 ஐ நினைவூட்டலாம். அன்று ஒரு வெள்ளிக்கிழமை. அண்ட்ரெஸ் பிரொயிண்ட் என்ற மென்பொருள் பொறியியலாளர், டெபியனின் நிலையற்ற பதிப்பு ஓடிய தன் கணினியில், தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தை விட அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்ததைப் பகிரங்கப்படுத்தினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற சாதாரணப் பொதிக்குள் ஒரு கள்ளக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய யாரோ, இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளராகவே ஆகி அதைச் செய்திருந்தார். பொதிக்குக் கையொப்பம் இருந்தது. களஞ்சியம் உண்மையான களஞ்சியம்தான். ஆகவே பிறப்பிடம் தெரிந்தால் மட்டும் எல்லாம் பத்திரம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் அன்றிரவு உலகெங்கும் கணினிகளைப் பராமரிப்பவர்கள் முதலில் தேடியது எதை? என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து? கெட்ட பதிப்புகள் 5.6.0, 5.6.1 இரண்டும் டெபியனின் சோதனைக் களஞ்சியங்களுக்கும் பெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளுக்கும் போயிருந்தன. டெபியனின் நிலையான களஞ்சியத்துக்குள் வரவில்லை. நிலையானதை மட்டும் பாவித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். புதிய பதிப்புக்கு ஆசைப்பட்டு இரண்டையும் கலந்து வைத்திருந்தவர்களுக்குத்தான் பத்து வரி ஸ்கிரிப்டின் அருமை அன்று விளங்கியது.

டெபியன்காரர்கள் உடனே பழைய நல்ல பதிப்புக்குத் திரும்பினார்கள். அதில் ஒரு சிக்கல்: அப்ட் பெரிய இலக்கத்தையே புதியது என்று எடுக்கும், 5.6.1 வைத்திருப்பவருக்கு 5.4.5 ஐக் கொடுத்தால் தானாக ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அவர்கள் திருத்திய பொதிக்கு ஒரு விசித்திரமான பதிப்பு இலக்கம் கொடுத்தார்கள். முதலில் 5.6.1, பிறகு ஒரு கூட்டல் அடையாளம், பிறகு 'உண்மையில்' என்ற ஆங்கிலச் சொல், பிறகு 5.4.5. பெயருக்கு 5.6.1, உண்மையில் 5.4.5.